துப்பாக்கிக் குழல் பிரஷ்: வாங்குவது, தேய்ப்பது, கழுவி மறுபடி எடுப்பது

மார்த்தாண்டம் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் காவலுக்கு நிற்கிறேன், அதற்கு முன்னால் 17 வருஷம் பட்டாளம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வீட்டு முற்றத்தில் கூட்டம் கூடிவிடும். என்னைப் போலவே 12 போர் (bore என்பது குழல் அளவு) துப்பாக்கியோடு வேறு கிளைகளில் நிற்கும் பழைய பட்டாளத்துக்காரர்கள் இரண்டு மூன்று பேர், குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் இருக்கிற, அப்பா காலத்து இரட்டைக்குழலை லைசென்ஸ் மாற்றி வாங்கிய ஒன்றிரண்டு பேர். எல்லாரும் கேட்பது எந்த எண்ணெய் நல்லது என்றுதான். பிரஷ்ஷைப் பற்றி ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் கொண்டுவரும் குழல்களில் நான் பார்க்கிற கோளாறு பெரும்பாலும் பிரஷ்ஷில்தான் தொடங்கியிருக்கும்: தப்பான பிரஷ், தப்பான நேரத்தில் போட்ட பிரஷ், இல்லையென்றால் கழுவாமல் எடுத்து வைத்த பிரஷ்.

## 1. பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன்

தோட்டாக்கள் வேறு அறையில் இருக்க வேண்டும். மேசையின் மறு ஓரத்தில் என்பது போதாது, வேறு அறை. துப்பாக்கியைத் திறந்து கண்ணால் பார்த்து, சிறுவிரலை விட்டுத் தடவியும் பாருங்கள். மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) உள்ளது என்றால் முதலில் மேகசினை எடுத்துவிட்டு அப்புறம் சேம்பரை, அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்தைப் பாருங்கள். இந்த வரிசை மாறினால் சேம்பரைக் காலி செய்த பிறகு மேகசினில் இருந்து இன்னொரு தோட்டா உள்ளே ஏறிவிடும்.

இரட்டைக்குழல் என்றால் முன்கட்டையைக் கழற்றி, குழலைத் தனியாக எடுத்துவிடுங்கள். போல்ட் (சேம்பரைப் பின்னால் மூடும் உருளை) வைத்த ரைபிளில் அதை உருவி எடுங்கள். தனியாக எடுத்த குழல் வெடிக்காது என்பது ஒரு காரணம், பின்பக்கத்தில் இருந்து ராடை, அதாவது பிரஷ் மாட்டும் நீளக்கம்பியை, நேராக விட முடியும் என்பது இன்னொன்று.

பிரஷ்ஷுக்கு வேலையே இருக்கிறதா என்று இப்போதே முடிவு செய்யுங்கள். வங்கிக் காவலில் நிற்கிற துப்பாக்கி மாதக்கணக்கில் சுடாமல் இருக்கும். அதில் சேர்வது தூசியும் ஈரமும்தான், அதற்குத் துணி போதும். வாராவாரம் வெண்கல பிரஷ்ஷைப் போட்டு இழுப்பது பட்டாளத்துப் பழக்கம். எனக்கும் அது விட ரொம்ப நாளாயிற்று. சுட்ட குழலுக்கும் துரு தெரிந்த குழலுக்கும் மட்டும் பிரஷ் போடுங்கள்.

சட்டம் இரண்டே வரி. லைசென்ஸ் உங்கள் பெயரில் இருந்தால் உங்கள் துப்பாக்கியை நீங்கள் துடைக்கலாம். பழுது பார்ப்பது வேறு விஷயம், 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி அதற்குத் தனி லைசென்ஸ் உள்ளவரிடம்தான் போக வேண்டும்.

## 2. எல்லாவற்றையும் முதலில் எடுத்து வையுங்கள்

பாதி வேலையில் எழுந்து போகிறவர்கள்தான் பிரஷ்ஷைக் குழலுக்குள் விட்டுவிட்டுப் போகிறவர்கள். ஆகவே உட்காரும்போதே இவை பக்கத்தில் இருக்கட்டும்:

- ராடு, உங்கள் குழலைவிட ஒரு சாண் நீளமாக
- குழல் அளவுக்குப் பொருந்தும் வெண்கல பிரஷ் ஒன்று, நைலான் பிரஷ் ஒன்று
- பழைய துவர்த்தையோ (துண்டு) பனியனையோ வெட்டிய துணித்துண்டுகள், முப்பதுக்குக் குறையாமல்
- குழல் கழுவும் சால்வென்ட் (அழுக்கைக் கரைக்கும் திரவம்) அல்லது மண்ணெண்ணெய், தனியாகத் துப்பாக்கி எண்ணெய்
- கையுறை, கண்ணாடி
- மூன்று தேங்காய்ச் சிரட்டை

சிரட்டை எதற்கு என்பது 7ஆம் பகுதியில் வரும். கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். குழல் வாயை விட்டு பிரஷ் வெளியே வரும்போது முடிகள் பட்டென்று விரிந்து, ஈயமும் கரியும் கலந்த அழுக்கைத் தெறிக்கும். ஒருமுறை என் இமைக்குள் போய் அன்று முழுக்கக் கண் எரிந்தது. ஈயம் உடம்புக்குள் போகக்கூடாத சாமானம், அதனால் கையுறை வேண்டும், வேலை முடிந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவும்வரை தீனியும் கிடையாது, வெற்றிலையும் கிடையாது. மண்ணெண்ணெய் பக்கத்தில் இருக்கும்போது பீடியும் கிடையாது.

துணி பருத்தியாக இருக்கட்டும். சின்தெடிக் துணி வழுக்கிக்கொண்டு போகும். பட்டாளத்திலும் என்சிசியிலும் சிந்தி என்று சொல்லும் துண்டு 4 அங்குலத்துக்கு 2 அங்குலம், எண்ணெய் போடுவதற்கு அதிலும் அகலம் குறைந்த ஒன்றரை அங்குலம். அது புல்துரூ கயிற்றுக்கு (துணியைக் கட்டிக் குழலுக்குள் இழுக்கும் கயிறு) வெட்டிய அளவு. ராடில் போடுவதற்கு உங்கள் குழலில் கொஞ்சம் இறுக்கமாகப் போகிற அளவுக்கு நீங்களே வெட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். நம்ம ஊரில் கதவுக் கீல் முதல் தையல் மெஷின் வரைக்கும் அதுதான் என்பது தெரியும், துப்பாக்கிக்கும் போட்டுக் கொண்டுவருகிறார்கள். 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைகிற எண்ணெய் அது. கீரிப்பாறைப் பக்கம் மார்கழி விடியலில் அது குழலுக்குள் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நாள்பட்டால் தூசி சேர்ந்து பிசுபிசுத்து, பிரஷ் முடிகளையும் ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடும்.

## 3. எந்தப் பொருளில் செய்த பிரஷ்

கடையில் மஞ்சளாக இருப்பது எல்லாம் "பித்தளை பிரஷ்" தான். உங்களுக்கு வேண்டியது பாஸ்பர் வெண்கலம். வெண்கல முடி செம்பு கலந்த நிறத்தில் இருக்கும், நகத்தால் வளைத்துவிட்டால் டக்கென்று திரும்ப நிமிர்ந்துவிடும். பித்தளை முடி வளைந்த இடத்திலேயே நின்றுவிடும். குழலுக்குள் நாலு தடவை போய்வந்தால் பித்தளை படுத்துவிடும், அதற்கப்புறம் அது வெறும் குச்சி.

இன்னொரு ஏமாற்று, மஞ்சள் முலாம் பூசிய இரும்பு முடி. ஒரு காந்தத்தை முடியின் நுனியில் மட்டும் தொட்டுப் பாருங்கள். நடுக்கம்பியில் வைத்துப் பார்க்காதீர்கள், நல்ல பிரஷ்களிலும் நடுக்கம்பி இரும்பாக இருக்கலாம். முடி காந்தத்தில் ஒட்டினால் அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

வெண்கலம் ஏன் என்றால், அது குழலின் எஃகைவிட மென்மையானது. ஈயத்தையும் கரியையும் கீறி எடுக்கும், எஃகைக் கீறாது. வெள்ளையாக மின்னும் ஸ்டெயின்லெஸ் பிரஷ் வேகமாக வேலை செய்யும், உண்மைதான். ஆனால் அது குழலோடு சரிசமமாக மோதுகிற சாமானம், வரிப்பள்ளம் (குழலுக்குள் சுருளாக வெட்டிய பள்ளம்) உள்ள ரைபிளில் அதைப் போடவே கூடாது என்பது என் கட்சி.

நைலானுக்கு இரண்டு இடம். ஒன்று, செம்பைக் கரைக்கும் சால்வென்ட் போடும்போது. அந்த வகைகளில் பலவற்றில் அம்மோனியா இருக்கும், மூக்கைத் துளைக்கும் வாடையே சொல்லிவிடும். அது குழலில் படிந்த செம்பைக் கரைக்கும், வெண்கலத்தில் இருப்பதும் செம்புதானே, அதையும் கரைக்கும். இரண்டாவது, ஏர் ரைபிள். அதில் வெடிமருந்தும் கிடையாது, கரியும் கிடையாது, குழலும் பெரும்பாலும் மென்மையான இரும்பு. அங்கே வெண்கல பிரஷ்ஷுக்கு வேலையே இல்லை. துணியோ கம்பளித் துண்டோ போதும், மிஞ்சிப்போனால் நைலான்.

அந்த அம்மோனியா விஷயத்தில் ஒரு தோட்டக்காரர் .315 ரைபிளோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியதை நான் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். சால்வென்டை வெண்கல பிரஷ்ஷில் விட்டுத் தேய்ப்பார், துணியை விடுவார், துணி நீலப்பச்சையாக வரும். இன்னும் செம்பு இருக்கிறது என்று மறுபடி தேய்ப்பார், மறுபடி நீலம். "அண்ணே, இது தோண்டத் தோண்ட வருதே, குழலே செம்புலதான் செஞ்சிருக்கானோ?" என்றார். குழலில் செம்பு எப்போதோ தீர்ந்துவிட்டது, வந்துகொண்டிருந்த நீலம் அவருடைய பிரஷ்ஷே கரைந்து வருவது. நைலானுக்கு மாற்றினோம், மூன்றாவது துணி வெள்ளையாக வந்தது. துணியைச் செருகும் பித்தளை முனையும் இதே வேலையைக் காட்டும், அதையும் கவனியுங்கள்.

அப்புறம் பால்குப்பி கழுவும் பிரஷ். 12 போர் குழலுக்கு அளவு கிட்டத்தட்டப் பொருந்துகிறது என்பதால் பலர் போடுகிறார்கள். தூசி தட்ட அது ஆகும். ஆனால் அதன் முனையில் முறுக்கிய இரும்புக்கம்பி வெட்டுப்பட்டுக் கூராக நீட்டிக்கொண்டிருக்கும். துப்பாக்கி பிரஷ் வாங்கும்போதும் இதையே பாருங்கள்: முனையில் கம்பி வளைத்து வளையமாக முடிந்திருப்பது நல்லது, வெட்டி விட்டிருந்தால் அது சேம்பர் ஓரத்தில் இடிக்கும்.

## 4. அளவும் மரையும்

குழலின் அளவு துப்பாக்கியிலேயே குத்தியிருக்கும். 12 போர் குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மி.மீ., பிரஷ் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால்தான் முடி சுவரில் அழுத்தும். .22க்கு .22 என்று கேட்டு வாங்குங்கள், .315க்கு 8 மி.மீ. என்று கேளுங்கள். ஏர் ரைபிள் .177 என்பது 4.5 மி.மீ.

பெரிய பிரஷ்ஷைச் சின்னக் குழலில் அடித்து ஏற்றுவது புதியவர்கள் ஒவ்வொருத்தரும் ஒருமுறையாவது செய்வது. பிரஷ் உள்ளே போய்விடும், திரும்ப வராது.

மரைதான் அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம். இணையத்தில் வாங்கும் அமெரிக்க அளவு ரைபிள் பிரஷ்களில் 8-32 என்ற மரையும், 12 போர் பிரஷ்களில் 5/16-27 என்ற பெரிய மரையும் வரும். நம்மிடம் இருக்கும் பழைய பித்தளை ராடுகளில் வேறு மரை இருக்கும். இரண்டு சுற்று ஏறிவிட்டதே என்று இறுக்கினால் பித்தளை மரை வழுக்கிவிடும், பிரஷ் குழல் நடுவில் ராடை விட்டுவிடும். பிரஷ்ஷை ராடோடு சேர்த்தே வாங்குங்கள், அல்லது ராடைக் கடைக்குக் கொண்டுபோங்கள். துப்பாக்கியைக் கொண்டுபோக வேண்டாம்.

ரைபிளுக்கு ராடு வாங்கும்போது கைப்பிடி தனியாகச் சுழல்கிறதா பாருங்கள். வரிப்பள்ளம் பிரஷ்ஷைத் திருப்பிக்கொண்டே போகும். கைப்பிடி சுழலாவிட்டால் ஒன்று முடி பள்ளத்தில் இறங்காமல் மேலாக வழுக்கும், இல்லையென்றால் மரை கழன்றுவிடும். 12 போர் குழல் உள்ளே வழவழப்பு, அங்கே இந்தக் கவலை இல்லை.

## 5. தேய்க்கும் வரிசை

சுட்ட அன்றே செய்யுங்கள். நம்ம மாவட்டத்தில் கடல் காற்றின் உப்பும் மலைப்பக்கத்து ஈரமும் சேர்ந்து இருக்கிறது, கரி படிந்த குழலை ஒரு வாரம் விட்டால் துரு பிடிக்கிறதா என்று காத்திருக்கவே வேண்டியதில்லை.

முதலில் நனைந்த துணி, பிரஷ் அல்ல. சால்வென்டில் நனைத்த இரண்டு துணித்துண்டைப் பின்பக்கத்தில் இருந்து வாய்ப்பக்கம் தள்ளி எடுத்துவிடுங்கள். மேலாக உள்ள கரியும் மணலும் இதிலேயே போய்விடும். இதைச் செய்யாமல் காய்ந்த குழலில் பிரஷ்ஷைப் போட்டால் அந்த மணலைத்தான் பிரஷ் சுவரில் வைத்து அரைக்கும். வெண்கலம் எஃகைக் கீறாது என்று சொன்னேன், மணல் கீறும்.

பத்து நிமிஷம் சும்மா இருங்கள். சால்வென்ட் ஊறட்டும். இந்தப் பத்து நிமிஷம் இல்லையென்றால் சால்வென்டின் வேலையையும் சேர்த்து பிரஷ் செய்ய வேண்டிவரும், அதன் ஆயுள் பாதியாகும். ஒரு கட்டன்சாயா குடிக்கலாம், கையுறையைக் கழற்றிக் கையைக் கழுவிவிட்டு.

பிரஷ்ஷின் மேல் சொட்டுச் சொட்டாக விடுங்கள், குப்பிக்குள் முக்காதீர்கள். ஒருமுறை அழுக்கு பிரஷ்ஷை முக்கினால் அந்தக் குப்பி முழுவதும் அழுக்கு. அடுத்த தடவை சுத்தமான குழலுக்குப் பழைய கரியை ஊற்றுவீர்கள்.

பின்பக்கத்தில் இருந்து விடுங்கள், வாயைத் தாண்டி முழுதாக வெளியே வரட்டும், அப்புறம் திரும்ப இழுங்கள். குழலுக்குள் இருக்கும்போது திசையை மாற்றக்கூடாது. முடிகள் போகும் திசைக்கு எதிராகச் சாய்ந்துகொண்டு போகும். நடுவில் நிறுத்தி எதிர்ப்பக்கம் இழுத்தால் அவை நிமிர்ந்து எதிர்ப்பக்கம் சாய இடம் இருக்காது, ஒன்றிரண்டு உடையும், மற்றவை முடங்கும், அல்லது பிரஷ் இறுகி நிற்கும்.

இரட்டைக்குழலில் எல்லாரும் தப்பு செய்வது கடைசி இரண்டு அங்குலத்தில். அங்கே சோக் என்கிற சுருக்கம் இருக்கிறது. ஃபுல் சோக் என்றால் குழல் ஏறத்தாழ 1 மி.மீ. சுருங்கும். நன்றாகப் போய்க்கொண்டிருந்த ராடு திடீரென்று கனக்கும், ஏதோ இடிக்கிறது என்று புதியவர் பயந்து நிறுத்துவார், பின்னால் இழுப்பார். நிறுத்தவே கூடாத இடம் அதுதான். இரண்டு கையாலும் நேராக, நிதானமாகத் தள்ளுங்கள், வெளியே வந்துவிடும். இரண்டு குழலுக்கும் சோக் ஒரே அளவாக இருக்காது, ஒன்று லேசாகவும் ஒன்று கடினமாகவும் போனால் பயப்பட வேண்டாம்.

ரைபிளில் வாயைத் தாண்டி வந்த பிரஷ்ஷைத் திரும்ப இழுக்கும்போது ராடு குழல் வாயின் விளிம்பில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அந்த விளிம்பு, அது ஒரு பக்கம் தேய்ந்தால் குறி கெடும். ரிவால்வர் போல வாய்ப்பக்கத்தில் இருந்துதான் விட முடியும் என்கிற துப்பாக்கிகளில் ராடை நடுவில் பிடிக்கும் பித்தளை வளையம் ஒன்று வாங்கிப் போடுங்கள்.

எத்தனை தடவை? 12 போரில் போய்வருவது ஒன்று என்று கணக்கு வைத்து நான் எட்டு தடவை போடுவேன், .22க்கு நாலு. அதற்குமேல் அழுக்கு இருந்தால் மறுபடி சால்வென்ட், மறுபடி பத்து நிமிஷம். பிரஷ்ஷை இன்னும் இருபது தடவை இழுப்பதைவிட இது சீக்கிரம் முடியும்.

12 போரில் சேம்பர் முடிந்து குழல் சுருங்கத் தொடங்கும் இடத்தில் ஈயமும், தோட்டாவின் பிளாஸ்டிக் வாடு (மருந்துக்கும் ரவைக்கும் நடுவில் உள்ள அடைப்பு) உருகிய படலமும் சேரும். டார்ச் அடித்தால் சாம்பல் கோடாகத் தெரியும். அங்கே மட்டும் பிரஷ்ஷைத் திருகிக்கொண்டே முன்னால் தள்ளுங்கள், திருகுவது பரவாயில்லை, பின்னிழுப்பதுதான் கூடாது.

அப்புறம் துணி, துணி, துணி. காய்ந்த துணி வெள்ளையாக வரும்வரை. கடைசியில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு முனையில் இருந்து மறுமுனை பாருங்கள். உடைந்த முடியோ விட்டுப்போன துணியோ உள்ளே இருந்து, அதைப் பார்க்காமல் சுட்டால் குழல் வீங்கலாம், வெடிக்கவும் செய்யலாம்.

எண்ணெயைத் துணியால் போடுங்கள். அழுக்கு எடுத்த அதே பிரஷ்ஷில் எண்ணெய் விட்டு இழுக்கும் ஆட்கள் நிறையப் பேர். அரை மணி நேரம் எடுத்த அழுக்கை அரை நிமிஷத்தில் திரும்பப் பூசுகிறார்கள். மெல்லிய படலம் போதும், அடுத்து சுடும் முன்னால் அதையும் காய்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும்.

## 6. பிரஷ் சிக்கிக்கொண்டால்

சுத்தியலை எடுக்காதீர்கள். ராடை மரத்தில் இடிக்காதீர்கள். கட்டைவிரலால் திருகித் திருகிக் கழற்றப் பார்க்கவும் வேண்டாம், மரை கழன்று பிரஷ் மட்டும் உள்ளே நின்றுவிடும்.

குழலைச் சாய்த்து வைத்து, பிரஷ் இருக்கும் இடத்துக்கு மேலே மண்ணெண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் போய்க்கொண்டிருந்த அதே திசையில் நேராகத் தள்ளுங்கள். பெரும்பாலும் போய்விடும். பட்டாளத்தில் சேர்ந்த புதிதில் .22 ஒன்றில் நடு வழியில் பின்னால் இழுத்து இப்படி மாட்டிக்கொண்டு, ஹவில்தாரிடம் சொல்லப் பயந்து பின்னால் இழுத்துக்கொண்டே இருந்தேன். இழுக்க இழுக்க முடிகள் இன்னும் இறுகின. கடைசியில் அவர் வந்து ஒரே தள்ளலில் முன்பக்கம் எடுத்துவிட்டுப் போனார், ஒரு வார்த்தை பேசவில்லை.

தள்ளியும் போகவில்லை என்றால் லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் போங்கள். கம்பியை விட்டுக் குத்திப் பார்க்கும் வேலையில் குழல்தான் போகும்.

## 7. பிரஷ்ஷைக் கழுவுவது

பிரஷ்ஷை மறுபடி பயன்படுத்துவது என்றால் அதன் முக்கால் பங்கு இந்தப் பகுதிதான். துப்பாக்கியைத் துடைத்து உறையில் வைத்த பிறகு என்று தள்ளிப் போடாதீர்கள், அழுக்கு காய்ந்தால் முடிகளின் அடியில் கல்லாகிவிடும். குழலில் இருந்து வந்த கையோடு பிரஷ்ஷைச் சிரட்டையில் போடுங்கள்.

முதல் சிரட்டையில் மண்ணெண்ணெய், பிரஷ் மூழ்கும் அளவு. சிரட்டை எதற்கென்றால், அடி உருண்டையாக இருப்பதால் கொஞ்சம் மண்ணெண்ணெயிலேயே பிரஷ் முழுதாக நனையும், உள்பக்கத்துச் சுவரில் வைத்து உருட்டினால் முடிகளுக்கு நடுவில் இருக்கும் அழுக்கு கழன்று அடியில் கருப்பாக இறங்கும். பிளாஸ்டிக் டப்பாவில் இப்படி உருட்ட வராது, தவிர வேலை முடிந்ததும் இதைத் தூக்கிப் போடலாம். தூக்கிப் போடுவது முக்கியம், அதை அடுக்களைப் பக்கம் திரும்பக் கொண்டுபோகக் கூடாது, ஈயம் கலந்தது.

இரண்டாவது சிரட்டையில் சுத்தமான மண்ணெண்ணெய், ஒரு அலசல். மூன்றாவதில் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த சுடுதண்ணீர். மண்ணெண்ணெய் மட்டும் போதாதா என்று கேட்பார்கள். அம்மோனியா சால்வென்ட் பட்ட பிரஷ் என்றால் அந்தச் சால்வென்டைத் தண்ணீர்தான் எடுக்கும், மண்ணெண்ணெய் எடுக்காது. அது முடியில் தங்கினால் ராத்திரியோடு ராத்திரியாகப் பிரஷ்ஷைத் தின்றுவிடும். ஆகவே வெண்கல பிரஷ் தவறிப்போய் செம்பு சால்வென்டில் பட்டுவிட்டால் முதலில் தண்ணீர், அப்புறம் மற்றது.

பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் அடியில் இருந்து நுனிவரை ஒரே பக்கமாக நீவிவிடுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசி உதறுங்கள். உதறும்போது முகத்துக்கு எதிர்ப்பக்கம்.

அழுக்கு மண்ணெண்ணெயைக் கிணற்றடியிலோ குளத்தோரமோ ஊற்றாதீர்கள். குப்பியில் சேர்த்து வையுங்கள், அழுக்கு அடியில் படிந்ததும் மேலே தெளிந்ததை அடுத்த தடவை முதல் சிரட்டைக்கு எடுக்கலாம். அடியில் தங்கியதைத் தனிக் குப்பியில் மூடி வைத்துப் பழைய ஆயில் எடுக்கும் ஆட்களிடம் கொடுத்துவிடுகிறேன்.

புளியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெண்கல பிரஷ் பச்சைக்களிம்பு ஏறிப்போனால் குத்துவிளக்கைத் தேய்ப்பது போல புளியும் உப்பும் போட்டு ஊறவைத்துப் பளபளவென்று கொண்டுவந்தார் ஒருவர். வீட்டில் அம்மா சொல்லிக் கொடுத்தாளாம். பார்க்கப் புதிது போலவே இருந்தது. ஆனால் புளியின் அமிலமும் உப்பும் முறுக்கிய நடுக்கம்பிக்குள் தங்கியிருந்து நேராகக் குழலுக்குள் போகும், உப்பைவிட நல்ல துரு விதை வேறு இல்லை. பச்சை ஏறியது மேலாக என்றால் சோப்பும் பல்துலக்கும் பிரஷ்ஷும் போதும். அடிவரை ஏறியிருந்தால் அந்த பிரஷ் முடிந்தது.

## 8. காயவைப்பதும் எடுத்து வைப்பதும்

தலைகீழாகத் தொங்கவிடுங்கள், மரை மேலே, முடி கீழே. தண்ணீர் மரைப்பக்கம் இறங்கித் தங்கினால் நடுக்கம்பி அங்கே துருப்பிடிக்கும், அப்புறம் ஒருநாள் தள்ளும்போது அங்கேதான் முறியும். சாரல் நாட்களில் அடுப்பு இருக்கும் சுவருக்கு வெளிப்பக்கம் கட்டித் தொங்கவிடுவேன், ஒரே ராத்திரியில் காய்ந்துவிடும். காய்ந்ததும் நடுக்கம்பியில் ஒரு சொட்டு எண்ணெய். முடிகளில் வேண்டாம், தூசியைப் பிடிக்கும்.

டிராயரில் மற்ற சாமான்களோடு போட்டால் முடி ஒரு பக்கம் நசுங்கும். வயரிங் வேலைக்கு வாங்கும் பிவிசி குழாயை விரல் நீளத்துக்கு வெட்டி, பிரஷ்ஷை அதற்குள் வையுங்கள். குழாய் பிரஷ்ஷைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்க வேண்டும், இறுக்கினால் அதுவே நசுக்கும். மேலே பேனாவால் எழுதுங்கள்: "12 குழல்", "12 சேம்பர்", "8 மி.மீ. நைலான்". ஞாபகம் இருக்கும் என்று எழுதாமல் விட்டவர்கள்தான் .177ல் .22 பிரஷ்ஷை விட்டவர்கள்.

## 9. ஓய்வு கொடுப்பதும் அதற்குப் பிறகு வேலையும்

பிரஷ் தீர்ந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, கையால்தான் தெரியும். புதிதாக வாங்கிய அன்று ராடு எவ்வளவு கனத்தது என்பதை மனதில் வையுங்கள். இப்போது ஒரு விரலால் தள்ளினால் போகிறது என்றால் முடி சுவரைத் தொடவில்லை, வாருகோலால் காற்றைப் பெருக்குவது போலத்தான். நடுக்கம்பி வளைந்திருந்தால், மரை ஆடினால், விரலால் நீவும்போது முடி உதிர்ந்தால் அன்றே நிறுத்திவிடுங்கள். உதிர்கிற பிரஷ்ஷை இன்னும் ஒரே ஒருமுறை என்று போடுவது குழலுக்குள் கம்பித்துண்டை விதைப்பது.

தேய்ந்ததற்கு வேலை இருக்கிறது. 12 போர் பிரஷ் தேய்ந்தால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், ஏனென்றால் சேம்பர் குழலைவிட அகலம், புது 12 பிரஷ்ஷே அங்கே லூசாகத்தான் போகும். தேய்ந்த பிரஷ்ஷில் துவர்த்துத் துணியை இரண்டு சுற்றுச் சுற்றினால் சேம்பருக்குக் கச்சிதமாக நிற்கும், முடிகள் துணியைப் பிடித்துக்கொள்ளும், கழன்று வராது. எண்ணெய் போடவும் இதுவே போதும், அதற்கென்று தனியாக ஒன்று.

பிடிவாதமான ஈயத்துக்கு இதே தேய்ந்த பிரஷ்ஷில் 0000 நம்பர் ஸ்டீல் வூலைக் கொஞ்சம் சுற்றி, எண்ணெய் விட்டு, அந்தச் சாம்பல் கோடு இருக்கும் இடத்தில் மட்டும் நாலு சுற்று. அதைவிடத் தடிப்பான வேறு நம்பர் வேண்டாம், பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார் வேண்டவே வேண்டாம், எமரித் தாளைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். ரைபிளில் இந்த வித்தை கிடையாது.

தேய்ந்த .22 பிரஷ் கையால் பிடித்து போல்ட் முகப்பு, எக்ஸ்டிராக்டர் கொக்கி (சுட்ட தோட்டாக்கூட்டை வெளியே இழுப்பது), இடுக்குகள் தேய்க்க நன்றாக இருக்கும். ஏர் ரைபிளுக்கு மட்டும் அதைக் கொடுத்துவிடாதீர்கள், காரணம் மேலே சொன்னதுதான்.

## 10. இரண்டு மழையும் ஒரு தேர்தலும்

நமக்கு மழை இரண்டு தடவை, ஜூனில் தொடங்கும் தென்மேற்கும் அக்டோபரில் தொடங்கும் வடகிழக்கும். இந்த இரண்டும் தொடங்கும் முன் பிரஷ்களை ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள். குழலை வாரம் ஒருமுறை காய்ந்த துணி, எண்ணெய்த் துணி என்று பார்த்தால் போதும், துணியில் செந்நிறம் வந்தால் மட்டும் பிரஷ். பஞ்சு வைத்த உறைக்குள் துப்பாக்கியை மாதக்கணக்கில் மூடி வைக்காதீர்கள், அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

தேர்தல் அறிவித்ததும் தோட்டக்காரர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி ஆள் வரும். அவசரத்தில் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, எல்லாம் முடிந்து திரும்ப வாங்கும்போது துருவைப் பார்த்து அங்கே யாரையோ குறை சொல்வார்கள். ஒப்படைக்கும் முந்தின நாள் முழு வரிசையும் செய்து, எண்ணெய்ப் படலத்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாராளமாக விடுங்கள். குழல் வாயில் துணியைத் திணித்து அடைக்காதீர்கள், ஈரம் அங்கேதான் சேரும், எடுக்க மறந்தால் ஆபத்தும் கூட.

திரும்ப வாங்கி வந்ததும் நேராக பிரஷ்ஷை எடுக்கத் தோன்றும். முதலில் காய்ந்த துணி ஒன்று, அதை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். பழுப்பாக எண்ணெய் மட்டும் வந்தால் புது எண்ணெய் போட்டு வைத்துவிடலாம். செந்தூள் வந்தால் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் காலையில் வெண்கல பிரஷ், நாலே நாலு தடவை. அதற்கப்புறமும் டார்ச் வெளிச்சத்தில் புள்ளிப் புள்ளியாகக் குழி தெரிந்தால் அதை எந்த பிரஷ்ஷும் எடுக்காது. தோட்டா போடும் முன்னால் லைசென்ஸ் உள்ள மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.